பாய்லர் வாயில் கட்டிய பூசணிக்காய்

எங்கள் ஊரில் எல்லாரும் பௌர்ணமியைத்தான் எண்ணுவார்கள். மலை சுற்ற வருகிறவர்கள், சோடாக் கடைக்காரர்கள், குதிரை வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் அதுதான் நாள். நான் மட்டும் ஒரு வருஷம் ஆவணியிலிருந்து தை வரைக்கும் அமாவாசையை எண்ணிக்கொண்டிருந்தேன். அது கிட்டே வர வர எனக்குச் சோறு இறங்காது. நயா பைசா வந்து கொஞ்ச காலம் ஆன சமயம் அது. என் பெரிய மகள் அப்போது கைக்குழந்தை.

என் வீட்டுக்காரர் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் பிட்டராக இருந்தார். அதற்கு முன்னால், கல்யாணத்துக்கு முன்னால், வடக்கே ஒரு ஊரில் பெரிய அரிசி மில்லில் பாய்லர் வேலை கற்றவர். அந்த ஆடி மாசம் ஷெட் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். மில்களுக்கு மராமத்து காண்ட்ராக்ட் எடுக்கப் போகிறேன் என்றார். இயந்திரம் கெட்ட பிறகு ஆள் தேடி ஓடாமல், கெடுவதற்கு முன்னாலேயே மாசாமாசம் ஒரு ஆள் வந்து பிரித்துப் பார்த்து, தேய்ந்ததை மாற்றி, எண்ணெய் விட்டு, திருப்பி மாட்டிவிட்டுப் போக வேண்டும். வருஷத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ள வேண்டும். அதுதான் அவர் யோசனை. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு தொழிலை யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஒரு தகரப் பெட்டியில் ஸ்பேனர்களை அடுக்கி சைக்கிள் பின்னால் கட்டிக்கொண்டு போளூர் ரோடு, செங்கம் ரோடு, அவலூர்ப்பேட்டை ரோடு என்று மில் மில்லாகப் போனார். மத்தியானம் வந்து சாப்பிட உட்காரும்போது அவர்கள் சொன்னதை அவர்கள் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்.

"ஓடிக்கினு இருக்கறதை இன்னாத்துக்குய்யா பிரிக்கற? நின்னா சொல்லி அனுப்பறேன், வா."

"நல்லா இருக்கறவனுக்கு ஊசி போட வந்துட்டாரு டாக்டரு!"

"நீ தொட்டாத்தான்யா கெடும். அந்தப் பெட்டியைத் திறக்காமலே போயிடு."

சிரித்துக்கொண்டேதான் சொல்லுவார். ஆவணி பிறந்தபோது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. நான் ஒன்றும் கேட்க மாட்டேன். எனக்குப் பேச்சு வராது. அஞ்சாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அதற்காக என்று இல்லை, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். வெளி ஆள் எதிரில் வந்தால் என் குரல் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். கடையில்கூட விரலால் காட்டித்தான் வாங்குவேன்.

அவலூர்ப்பேட்டை ரோட்டில் ஒரு புழுங்கல் அரிசி மில் இருந்தது. நெல் அவிக்கப் பெரிய பாய்லர் வைத்திருந்தார்கள். அந்த முதலாளி மட்டும் உட்கார வைத்து, காபி வரவழைத்து, "சரி, பாரேன்" என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவர் சந்தோஷமாக வருவார் என்று பார்த்தால், முகம் செத்துப்போய் வந்தார். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, குடுக்கலையா?" என்றேன்.

"குடுக்கறேங்கறாரு."

"அப்புறம்?"

அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. மூடி தடதடவென்று ஆடியது. அவர் அதைக் காட்டினார்.

"ஆவி ஜாஸ்தியானா மூடி தானா தூக்கி விட்டுடுது இல்ல? அது மேல அம்மிக் குழவியைத் தூக்கி வெச்சா இன்னா ஆகும்?"

"பானை வெடிச்சுடும்."

"அங்க வெச்சிருக்கறாங்க."

பிறகு எனக்குப் புரியும்படி விளக்கினார். பாய்லர் மேல் ஒரு வால்வு உண்டு. அதன் மேல் கைபோல் நீண்ட ஒரு இரும்புக் கம்பி. கம்பியின் நுனியில் ஒரு இரும்புக் குண்டு. ஸ்டீம் அளவுக்கு மீறிப் போனால் அந்தக் குண்டையும் தூக்கிக்கொண்டு வால்வு திறந்து ஆவியை வெளியே விட்டுவிடும். குண்டு எவ்வளவு கனம், எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அளவு. அந்தக் கம்பி நுனியில், இரும்புக் குண்டுக்குப் பக்கத்திலேயே, ஒரு திருஷ்டிப் பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ராட்சச முகம் எழுதின முழுப் பூசணிக்காய்.

கட்டியது முதலாளியின் அம்மா. மில்லில் எல்லாருக்கும் அவர் பெரியம்மா. போன வருஷம் ஒரு ஆளின் கை பெல்ட்டில் மாட்டிக்கொண்டதாம். அதற்குப் பிறகு வந்த ஆயுத பூஜையன்று பெரியம்மாவே நின்று, தன் கையாலேயே காயை எடுத்துக் கொடுத்துக் கட்டவைத்திருக்கிறார். வாசலில் கட்டவில்லை. "அந்த ஓட்டைதான் இதுக்கு வாயி. வாயில கட்டினாத்தான் கண்ணேறு உள்ளே போவாது" என்று வால்வுக் கம்பியில் கட்டச் சொன்னாராம். ஒவ்வொரு அமாவாசைக்கும் பழைய காயை எடுத்துவிட்டுப் புதுசு. பூசணிக்காய் கட்டின நாளிலிருந்து நெல் சீக்கிரம் அவிகிறது என்று முதலாளிக்கு ஒரே பூரிப்பு. அவியாமல் என்ன செய்யும்? ஆவி வெளியே போக வழியில்லை.

"நீங்க சொல்லலையா?"

"சொன்னேன். 'அப்பா, இத்தினி நாளா வெடிக்காததா நீ வந்ததும் வெடிக்கப் போவுது? எங்க அம்மா கட்டினதை அவிழ்க்கறதுன்னா உனக்குக் காண்ட்ராக்ட் இல்லை'ன்னுட்டாரு. சிரிச்சிக்கினுதான் சொன்னாரு."

வடக்கே வேலை கற்ற ஊரில் ஒரு பாய்லர் வெடித்ததை அவர் பார்த்திருக்கிறார். அதன் முகத்தகடு ரோட்டைத் தாண்டிப் போய் ஒரு வீட்டுச் சுவரில் விழுந்ததாம். அதற்குமேல் அவர் சொன்னதில்லை. அந்தப் பேச்சு எடுத்தாலே எழுந்து போய்விடுவார். இந்த காண்ட்ராக்ட்டை ஒப்புக்கொண்டால் அந்தப் பாய்லர் பக்கத்தில் மாசாமாசம் நிற்கப் போகிறவர் அவர். ஒப்புக்கொள்ளாவிட்டாலும் அங்கே ஒரு பாய்லர்காரர் நிற்கிறார். களத்தில் நெல் தள்ளும் பெண்கள் பிள்ளைகளை அந்தச் சுவர் நிழலில்தான் தூங்க வைக்கிறார்கள்.

நான் பூசணிக்காய்க் கூட்டுக்கு அரிந்துகொண்டிருந்த ஒரு நாள்தான் அந்த யோசனை வந்தது. குடலை வழித்துப் போட்ட பிறகு காய் கையில் எவ்வளவு லேசாகிவிடுகிறது! "காயைக் குடைஞ்சுட்டா கனம் இருக்காதுங்க" என்றேன். பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மில்லுக்குப் போய், "முதலாளி, காண்ட்ராக்ட்டோட சேத்து ஒவ்வொரு அமாவாசைக்கும் பூசணிக்காயும் நானே கொண்டாந்து கட்டறேன். மிஷினைத் தொடறவன் கையால கட்டறது இன்னும் விசேஷம்" என்றாராம். பெரியம்மாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டதாம். "இந்தக் காலத்துல இப்படி ஒரு மெக்கானிக்கா!" அன்றைக்கே காண்ட்ராக்ட் கையெழுத்தாயிற்று.

அப்படித்தான் எங்கள் முதல் காண்ட்ராக்ட் கிடைத்தது. அவர் கற்ற வேலைக்காகக் கிடைக்கவில்லை. பூசணிக்காய்க்காகக் கிடைத்தது.

அமாவாசைக்கு முதல் நாள் மத்தியானம், தெருப் பெண்கள் கண்ணயரும் நேரமாகப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொள்வேன். காயைக் கவிழ்த்து வைத்து, அடியில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக அறுத்து எடுப்பேன். இரும்புக் கரண்டியால் உள்ளே இருப்பதை எல்லாம் வழிப்பேன். ஓடு மெலிசாக ஆகும்வரை தேங்காய்த் துருவியால் சுரண்டுவேன். உருண்டை கெடாமல் இருக்க உலர்ந்த வைக்கோலை அடைப்பேன். அறுத்த வட்டத்தைத் திருப்பி வைத்து ஈர்க்குக் குச்சியால் தைத்து, அரிசி மாவுப் பசையால் பூசுவேன். பிறகு சுண்ணாம்பு தடவி, குங்குமத்தாலும் அடுப்புக் கரியாலும் கண்ணும் பல்லும் எழுதுவேன். கயிற்று உறியில் உட்கார வைத்தால் அடிப்பக்கம் யாருக்கும் தெரியாது. அவர் காலையில் கொண்டுபோய், பழைய காயைத் தானே இறக்கி எடுத்துவிட்டு, இதைக் கட்டுவார். அந்தக் கொஞ்சக் கனத்துக்கும் ஈடாக இரும்புக் குண்டை உள்பக்கம் சற்றுத் தள்ளி வைத்துவிடுவார். பாய்லரும் பத்திரம், பெரியம்மாவுக்கும் திருப்தி.

ஆனால் எனக்குத்தான் பயம் விடவில்லை. இரண்டு பயம். ஒன்று வெடிக்கும் என்பது. இன்னொன்றை அவரிடம்கூடச் சொல்லவில்லை. காவலுக்கு என்று கட்டுகிற காயை நான் குடைந்து வெறும் ஓடாக அனுப்புகிறேன். உள்ளே ஒன்றும் இல்லாத காய் எதைத் தடுக்கும்? வருகிற கண் நேராக உள்ளே போய்விட்டால்? கண்ணும் பல்லும் எழுதும்போது அந்த முகத்தை நேராகப் பார்க்க மாட்டேன். பக்கவாட்டில் உட்கார்ந்துதான் எழுதுவேன்.

வழித்த சதையைத் தின்னக் கூடாது. திருஷ்டிக்கு என்று வாங்கின காய் ஆயிற்றே. மாட்டுக்கும் போட மனசு வரவில்லை. கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன். ஐப்பசி மழை பிடித்ததும் புதைத்த இடமெல்லாம் முளைத்துவிட்டது. பிடுங்கினால் பக்கத்தில் முளைக்கும். கொஞ்ச நாளில் கொடி வேலியில் ஏறி, கிணற்றடிக்கு வந்து, கொல்லைக் கதவுக்கே வந்துவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் சுருள் சுருளாக உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மே, எம்மாம் கொடி இது! வெதை போட்டியா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"மாசாமாசம் காய் வாங்கியாராரு உங்க வீட்டுக்காரரு. ஒரு நாளாவது பூசணிக்காய் வேகற வாசனை வரலையே? எல்லாத்தையும் பச்சையாவே தின்னுடுவீங்களா?"

அவள் சிரிக்கத்தான் சிரித்தாள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இதற்கு நடுவில், பக்தியான மெக்கானிக் என்று அவர் பெயர் ஊருக்குள் பரவியது. மிஷினுக்குப் பூசணிக்காய் கட்டுகிற மெக்கானிக் என்று கடைத்தெருவில் ஒரு மாவு மில்காரர் வேலைக்குக் கூப்பிட்டார். அடுத்து செங்கம் ரோட்டில் ஒரு கடலை எண்ணெய் மில். அந்த முதலாளி குண்டாக, சத்தமாகப் பேசுகிற மனுஷன். "எனக்கு இந்தக் கண்ணேறு கதையெல்லாம் பெருசா கிடையாதுப்பா. ஆனா எங்க வீட்டுல கேக்கறாங்க. வா, வந்து கட்டு, அப்படியே மிஷினையும் பாரு" என்றாராம். இந்த இரண்டு இடத்திலும் காய் வாசற்படியில்தான் தொங்கும். அதற்கு முழுக் காயே கொடுத்தோம். மூன்று காண்ட்ராக்ட். அவர் திரும்பவும் சாப்பிடும்போது சிரித்தார்.

கார்த்திகையில் தீபத்துக்கு முன்னால், அரிசி மில் களத்தில் ஒரு பெண்ணுக்குத் தொட்டி வெந்நீர் காலில் கொட்டிவிட்டது. தோல் உரிந்து வந்துவிட்டதாம். முழுக் காய் கட்டின இரண்டு மில்லிலும் ஒன்றும் ஆகவில்லை. குடைந்த காய் கட்டின மில்லில் ஆகிவிட்டது.

"அவ காலு வழுக்கினா அதுக்குப் பூசணிக்காய் இன்னா பண்ணும்?" என்றார் அவர். "நீ கண்டதையும் நினைக்காதே." அவர் அப்படிச் சொல்லிவிட்டுப் போன பிறகு நான் மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். மலை உச்சியில் தீபக் கொப்பரை ஏறிக்கொண்டிருந்த நாள் அது. என்ன வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. காய் வேலை செய்ய வேண்டும் என்றா, செய்யக் கூடாது என்றா?

அரிசி மில் முதலாளியும் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார். முன்னைப்போல வேகம் இல்லை, நெல் அவிய நேரம் ஜாஸ்தி பிடிக்கிறது என்று. வால்வு சரியான அளவில் திறந்தால் அப்படித்தான் இருக்கும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

தை பிறந்தது. சம்பா அறுவடை. மில் வாசலில் மாட்டு வண்டிகள் ரோடு முழுக்க நின்றன. பொங்கல் கழிந்து வந்த அமாவாசையன்று விடிந்ததும் எண்ணெய் மில்லிலிருந்து ஆள் ஓடி வந்தான். ஷாப்டு முறிந்து மில் நின்றுவிட்டதாம். அவர் பெட்டியை எடுத்துக்கொண்டார்.

"காயை நீயே கொண்டுபோய் பாய்லர்காரர் கிட்ட குடுத்துடு. நீ ஒண்ணும் பேச வேணாம். அவரு கட்டிப்பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கூடையில் காயை வைத்துத் துணி மூடி நடந்தேன். தூரத்திலேயே மில் புகைபோக்கி தெரிந்தது. கருத்த புகை நேராக ஏறிக்கொண்டிருந்தது. அவ்வளவு புகையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பாய்லர் கொட்டகைக்குள் நுழைந்ததும் பாய்லர்காரர் கையை ஆட்டினார். வயசானவர், எப்போதும் வேடிக்கையாகப் பேசுகிறவர். அன்றைக்கு அவர் முகம் வேர்த்து ஊற்றியது.

"உன் காய் இன்னிக்கு வேணாம், தங்கச்சி. பெரியம்மா ஊர்லேர்ந்து வண்டியில வந்து எறங்கிச்சு பாரு மகாராசன்."

நிமிர்ந்து பார்த்தேன். வால்வுக் கம்பியிலிருந்து நீளக் கயிற்றில், என் தலை உயரத்துக்கு, தண்ணீர்த் தவலை அளவில் ஒரு பூசணிக்காய் தொங்கியது. அப்படி ஒரு காயை நான் கண்டதே இல்லை. முகம் கூட இரண்டு எழுதியிருந்தார்கள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

பக்கத்தில் ஒரு நாற்காலியில் பெரியம்மா கற்பூரத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாடிம்மா. உன் புருஷன் கட்டின காயை நேத்து எறக்கினாங்க. கையில வாங்கிப் பாத்தேன். தக்கை மாதிரி இருக்குதுடி! எம்மாம் கண்ணு பட்டிருந்தா முழுக் காயி இப்படி உள்ளே ஒண்ணுமில்லாம உறிஞ்சிப் போயிருக்கும்? எனக்கு ஈரக்கொலையே நடுங்கிடுச்சு. இந்தச் சின்னக் காயெல்லாம் நம்ம மில்லுக்குத் தாங்காதுன்னு ராத்திரியே ஊருக்கு ஆள் அனுப்பிட்டேன்."

நான் குடைந்ததை அவர் கண்ணேறு குடைந்தது என்று எடுத்துக்கொண்டார். நான் லேசாக்கினதால்தான் இவ்வளவு கனம் வந்து தொங்குகிறது.

பாய்லர்காரர் கிட்டே போய், ஸ்டீம் அளவு காட்டும் வட்ட மானியைக் காட்டி, "முள்ளு?" என்றேன். அதற்குமேல் வரவில்லை.

"செவப்புக் கோட்டைத் தாண்டி நிக்குது" என்றார் மெதுவாக. "நானும் பாத்துக்கினுதான் இருக்கறேன். வால்வு அசையவே இல்லை."

"தீயை இழுத்துடுங்களேன், அண்ணே."

"முதலாளி தொட்டி தொட்டியா நெல்லை வெச்சிக்கினு குதிக்கறாரு. தீயைக் கம்மி பண்ணா நாளைக்கு என்னைக் கம்மி பண்ணிடுவாரு. பெரியம்மா கட்டினதை நான் தொட முடியுமா? நீயே சொல்லு."

"எங்க வீட்டுக்காரரு வந்து…"

"அவரு செங்கம் ரோட்டுல இருக்காரு. வரணுமே."

பெரியம்மாவிடம் போனேன். "பெரியம்மா, இதைக் கொஞ்சம் எறக்கி வெச்சா… அவரு வந்து பாத்துட்டு…" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இன்னாடி சொல்றே? கட்டினதை எறக்கறதா? அமாவாசையும் அதுவுமா வாயைக் கழுவு!" என்று தட்டை வைத்தார். பிறகு, "சின்னப் பொண்ணு, தெரியாம பேசறே. வந்து நின்னு கும்பிடு" என்று சாந்தமாகச் சொன்னார். கெட்ட மனுஷி இல்லை அவர். அந்த மில்லில் இன்னொரு கை போகக் கூடாது என்பதுதான் அவர் கவலை. களத்துப் பெண்கள் நாலைந்து பேர் கற்பூரம் ஒற்றிக்கொள்ள உள்ளே வந்தார்கள். ஒருத்தி இடுப்பில் குழந்தை. பாய்லர் உள்ளுக்குள் ஒரு மாதிரி முனகிக்கொண்டிருந்தது. தேனீக் கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி. பெரியம்மா நெருப்புக் குச்சியைக் கிழித்தார்.

நான் கையை நீட்டிப் பூசணிக்காயைத் தொட்டேன். உள்ளங்கையை முழுசாக வைத்தேன். காய் நடுங்கியது. பார்வைக்குத் தெரியாத நடுக்கம், கைக்குத் தெரிந்தது.

"பெரியம்மா, நான் தூரம்" என்றேன்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் வீட்டு விலக்கான பெண் சமையல்கட்டுக்குள் போக மாட்டாள். பூஜைச் சாமானைத் தொட மாட்டாள். ஆண்கள் காது கேட்க அந்த வார்த்தையைச் சொல்லவே மாட்டாள். எங்கள் வீட்டில் அம்மாவிடம்கூட நான் சைகையில்தான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கொட்டகையில் பாய்லர்காரர், விறகு போடுகிறவர்கள், கதவருகில் அப்போதுதான் வந்து நின்ற முதலாளி, எல்லாருக்கும் கேட்கும்படி என் குரல் வெளியே வந்தது. இன்னொரு முறை சொன்னேன். "தூரமா இருக்கேன். தொட்டுட்டேன்."

தீக்குச்சி பெரியம்மா கையிலேயே எரிந்து அணைந்தது.

"அடிப்பாவி!" என்று எழுந்தார். "அமாவாசைல! சாமிக் காயை! அறு! அறுத்துப் போடுங்கடா அதை! இந்த எடத்துல ஒரு நிமிஷம் இருக்கக் கூடாது!"

பாய்லர்காரர் அரிவாளை எடுத்தார். அவர் அவ்வளவு வேகமாக ஏணி ஏறி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கயிற்றை வெட்டினார். காய் கீழே விழுந்து சிதறியது. அது தரையில் பட்ட சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ஏனென்றால் அதே கணம் கம்பி மேலே எகிறி, வால்வு திறந்து, ஆவி பீறிட்டது. கொட்டகை முழுக்க வெள்ளை. காது அடைத்துப் போயிற்று. பெண்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். கூரைப் புறாக்கள் எல்லாம் சுவரில் மோதிக்கொண்டு பறந்தன. ரோட்டில் மாடுகள் வண்டியோடு மிரண்டன. அந்த ஊளை நிற்கவே இல்லை. நான் களத்து ஓரத்தில் கூடையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

முதலாளி என் பக்கம் வந்தார். கிட்டே வரவில்லை, தள்ளி நின்றார்.

"மிஷினே தாங்காம அலறுது பாத்தியா? உன் புருஷன் இனிமே இந்த வாசல்ல கால் வெக்க வேணாம்னு சொல்லிடு."

வீட்டுக்கு நடந்து வந்ததே நினைவில்லை. எனக்கு முன்னால் செய்தி வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி குழந்தையை என் கையில் கொடுக்காமல் தரையில் விட்டு, "எடுத்துக்கோ" என்றாள். சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. கொல்லைத் தாழ்வாரத்தில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டேன்.

அவர் சாயங்காலம் வந்தார். சைக்கிளை நிறுத்துகிற சத்தத்திலேயே அவருக்கும் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. கொல்லைக் கதவண்டை வந்து நின்றார். உடம்பெல்லாம் கிரீஸ். எனக்கு எப்போது விலக்கு என்பது அவருக்குத் தெரியாதா? என்னைப் பார்த்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வால்வு எவ்வளவு நேரம் ஊதிச்சு?" என்றார்.

"ரொம்ப நேரம். நான் ரோடு திரும்பற வரைக்கும் கேட்டுது."

நின்றிருந்தவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "அப்படின்னா ஸ்டீம் ரொம்ப ஏறியிருந்துது" என்றார். பிறகு எழுந்து போய் அவரே உலை வைத்தார். அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது.

மறுநாள் மாவு மில்காரர் ஆள் அனுப்பி, இனி வர வேண்டாம் என்றுவிட்டார். அரிசி மில்லில் ஐயரை அழைத்துத் தீட்டுக் கழியப் புண்ணியாகவாசனம் செய்தார்களாம். பாய்லர்காரர் டீக்கடையில் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். தீட்டுப் பட்ட இடத்தில் இனி எந்தக் காலத்திலும் காய் கட்டக் கூடாது என்று பெரியம்மா உத்தரவு போட்டுவிட்டாராம். இனிமேல் மில் கேட்டில்தான் கட்ட வேண்டுமாம். "கம்பி சும்மா இருக்குது, மேஸ்திரி. நான் இரும்புக் குண்டைச் சரியான எடத்துல வெச்சுட்டேன். உங்க வீட்டம்மா கிட்ட சொல்லுங்க" என்று சொல்லி, டீக்குக் காசும் அவரே கொடுத்தாராம். அதை என்னிடம் சொல்லும்போது அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை வாசலில் ஒரு வண்டி நின்றது. எண்ணெய் மில் முதலாளியின் குரல். வழக்கம்போலச் சத்தமாக. நான் கொல்லையில் இருந்தேன். தண்ணீர் கொடுக்கக்கூட எழுந்து போக முடியாது.

"பாதியில ஷாப்டைப் பிரிச்சுப் போட்டுட்டு வீட்டுல உக்காந்துக்கினா எப்படிப்பா?"

"நீங்களும் வேணாம்னு சொல்வீங்கன்னு…"

"நான் எப்பய்யா சொன்னேன்? என் மில்லு நின்னு கெடக்குது. நீ பிரிச்சதை வேற எவனாவது மாட்டுவானா? மாட்டு. வருஷம் பூரா நீயே பாத்துக்கோ. அடுத்த வருஷமும் நீதான், போ. எங்க மச்சானும் ஒரு மில்லு வெச்சிருக்கறான், அவன் கிட்டயும் சொல்றேன்." குரலைத் தாழ்த்தினார். அவருக்குத் தாழ்ந்த குரலும் தெருவுக்கே கேட்கும். "இந்தப் பூசணிக்காய் வேலையெல்லாம் வேணாம், விட்டுடு. அப்புறம் ஒண்ணு, தப்பா நினைச்சுக்காதே. உங்க வீட்டம்மா மட்டும் நம்ம மில்லு பக்கம் வராம பாத்துக்கோ. வேலைக்காரங்க பயப்படறாங்க."

சுவருக்கு இந்தப் பக்கம் நான் மூச்சுக்கூட விடவில்லை. என் வீட்டுக்காரர் கோபத்தில் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லக் கூடாது, சொல்லக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

"வர மாட்டாங்க" என்றார்.

தகரப் பெட்டியை எடுத்து சைக்கிளில் கட்டும் சத்தம் கேட்டது. அந்த மில்லிலிருந்து மச்சான் மில், அங்கிருந்து இன்னொன்று என்று தொழில் நிலைத்தது. அவர் கடைசிவரை எத்தனையோ பாய்லர்களையும் இஞ்சின்களையும் பார்த்தார். நான் அவற்றில் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. சாப்பாடு எடுத்துப் போக வேண்டி வந்தாலும் ரோட்டிலேயே நின்று, யாரையாவது கையைக் காட்டிக் கூப்பிட்டு, கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பிவிடுவேன்.